நுரையீரல் முடிச்சும் ஆழ்கற்றல் சிடியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிடி ஸ்கேன் எடுக்கும் கன்சோலில் உட்கார்ந்து பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். ஸ்கேனுக்கு வருகிறவர்கள், கூட வருகிறவர்கள், படிக்க வரும் மாணவர்கள், சில சமயம் வேறு துறை மருத்துவர்கள் என்று எல்லோரும் திரும்பத் திரும்ப இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். முதல் சில கேள்விகள் எல்லோருக்குமானவை, போகப் போக ஸ்கேன் அறைக்குள் இருப்பவர்களுக்கானவை. உங்கள் ரிப்போர்ட்டை வைத்து அடுத்து என்ன செய்வது என்பதை உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

ரிப்போர்ட்ல நாட்யூல்னு போட்டிருக்காங்க. அது கேன்சரா?

பெரும்பாலும் இல்லை. நுரையீரலுக்குள் 3 செ.மீ. வரை உள்ள, ஏறக்குறைய உருண்டையான ஒரு புள்ளியைத்தான் நாட்யூல், அதாவது முடிச்சு என்கிறோம். அதைத் தாண்டினால்தான் கட்டி. பழைய காசநோய்த் தழும்பு, எப்போதோ வந்து ஆறிப்போன தொற்று, நுரையீரலுக்குள்ளேயே இருக்கும் சின்ன நிணநீர்க் கணு எல்லாமே இப்படித்தான் தெரியும். அமெரிக்காவில் 53,454 பேரை வைத்து நடந்து 2011-ல் வெளியான என்எல்எஸ்டி என்ற நுரையீரல் புற்றுநோய்ப் பரிசோதனை ஆய்வில், குறைந்த டோஸ் (கதிர்வீச்சு அளவு) சிடியில் 'சந்தேகம்' என்று வந்த முடிவுகளில் 96.4 சதவீதம் புற்றுநோய் இல்லை என்று ஆனது.

அளவும் வகையும்தான் முக்கியம். மார்புப் படங்களைப் படிக்கும் மருத்துவர்களின் அமைப்பான ஃபிளைஷ்னர் சங்கத்தின் 2017 வழிகாட்டுதலில், புற்றுநோய் ஆபத்து குறைவாக உள்ள ஒருவருக்கு 6 மி.மீ.க்குக் குறைந்த ஒற்றைத் திட முடிச்சு இருந்தால் தொடர்ந்து ஸ்கேன் எடுத்துப் பார்க்கவே வேண்டியதில்லை. 6 முதல் 8 மி.மீ. என்றால் 6 மாதத்திலிருந்து 12 மாதத்துக்குள் இன்னொரு சிடி. 8 மி.மீ.யைத் தாண்டினால் 3 மாதத்தில் சிடி, இல்லாவிட்டால் பெட் சிடி (செல்களின் செயல்பாட்டையும் காட்டும் ஸ்கேன்) அல்லது திசுப் பரிசோதனை பற்றி யோசிப்பார்கள். இது 35 வயதைத் தாண்டியவர்களுக்கு; ஏற்கனவே புற்றுநோய் உள்ளவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் பொருந்தாது.

ஆழ்கற்றல் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்னா என்ன? ஏஐ ஸ்கேன் எடுக்குதா?

ஸ்கேன் எடுப்பது அதே எக்ஸ்ரே குழாய்தான். குழாய் உங்களைச் சுற்றி வரும்போது, உடலைத் தாண்டி வந்த கதிர் எவ்வளவு என்று எதிர்ப்பக்கம் இருக்கும் டிடெக்டர்கள் ஒவ்வொரு கோணத்திலும் அளந்துகொண்டே இருக்கும். அந்த எண்களின் குவியல்தான் மூலத் தரவு. அதைக் கண்ணால் பார்த்தால் ஒன்றும் புரியாது. அதிலிருந்து கணக்குப் போட்டுக் குறுக்குவெட்டுப் படமாக மாற்றும் வேலைக்குப் பெயர்தான் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன், எங்கள் பேச்சில் 'ரீகன்'.

இந்தக் கணக்கில் நரம்பு வலையமைப்பை, அதாவது உதாரணங்களைப் பார்த்துப் பழகும் கணினி நிரலை, சேர்த்ததுதான் ஆழ்கற்றல் ரீகன். இரைச்சல், அதாவது படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் குறை, நிறைந்த தரவையும் அதற்கு இணையான நல்ல படத்தையும் ஜோடி ஜோடியாகக் காட்டி, எது வெறும் இரைச்சல், எது உண்மையான உடலமைப்பு என்று பிரிக்க அதைப் பழக்கியிருக்கிறார்கள். ஜிஇ நிறுவனத்தின் ட்ரூஃபிடெலிட்டியும் கேனனின் ஏஐசிஇ-யும் 2019-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதி பெற்றன. ஜிஇ அதிக டோஸில் எடுத்த பழைய முறைப் படங்களை இலக்காக வைத்துப் பழக்கியது, கேனன் உயர்தர மாதிரி அடிப்படையிலான (ஸ்கேனரின் இயற்பியலையே கணக்கில் எடுத்து, மெதுவாகக் கணக்கிடும் முறை) படங்களை வைத்துப் பழக்கியது. அதனால்தான் இரண்டு இயந்திரத்தின் படமும் பார்ப்பதற்கு ஒன்று போல இருக்காது.

அப்போ முடிச்சைக் கண்டுபிடிக்கிறது ஏஐ தானே?

இல்லை. இந்தப் பக்கத்தையே இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். படத்தைத் தெளிவாக்குவது ஒரு வேலை, அந்தப் படத்தில் முடிச்சைத் தேடுவது இன்னொரு வேலை. ஆழ்கற்றல் ரீகனுக்கு முடிச்சு என்றால் என்னவென்றே தெரியாது. நுரையீரலா கல்லீரலா என்று பார்த்து அது முடிவெடுப்பதில்லை, இரைச்சலைக் குறைத்து படத்தைக் கொடுத்துவிட்டு விலகிவிடும். அதன் பிறகு முடிச்சைக் கண்டுபிடிக்கிறவர் ரேடியாலஜிஸ்ட், அதாவது படத்தைப் படித்து ரிப்போர்ட் எழுதும் மருத்துவர்.

முடிச்சைத் தேடி வட்டம் போட்டுக் காட்டும் மென்பொருளும் இருக்கிறது, அதிலும் ஆழ்கற்றல் உண்டு. ஆனால் அது வேறு மென்பொருள், வேறு பயிற்சி, பெரும்பாலும் வேறு நிறுவனம். 'ஏஐ ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது' என்று யாராவது சொன்னால், எந்த ஏஐ என்று கேளுங்கள்.

பழைய முறைக்கு என்ன குறைச்சல்? அதுலயும் முடிச்சு தெரிஞ்சுதே?

தெரிந்தது, இன்றும் தெரியும். வடிகட்டிப் பின்வீசும் முறை, அதாவது எஃப்பிபி, பல பத்தாண்டுகள் சிடியைத் தாங்கி நின்றது. வேகமானது, நேர்மையானது: தரவில் என்ன இருக்கிறதோ அதைக் காட்டும், இரைச்சல் உட்பட. டோஸைக் குறைத்தால் இரைச்சல் ஏறும் என்பது இயற்பியல். டோஸ் பாதியானால் இரைச்சல் ஏறக்குறைய 41 சதவீதம் கூடும், கால்வாசியானால் இரண்டு மடங்காகும். ஸ்லைஸை, அதாவது ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படத்தையும், மெலிதாக்கினாலும் இதே கணக்குதான்: 5 மி.மீ. ஸ்லைஸை 1.25 மி.மீ. ஆக்கினால் இரைச்சல் இரட்டிப்பு.

அப்புறம் வந்தவை திரும்பத் திரும்பக் கணக்கிடும் முறைகள். இரைச்சலை நன்றாகவே குறைத்தன. ஆனால் வலுவாகப் போட்டால் படம் மெழுகு பூசியது போல ஆகிவிடும். இரைச்சலின் அளவு குறைவதோடு அதன் தன்மையும் மாறி, பொடிப்பொடியாக இருந்தது திட்டுத்திட்டாக ஆவதுதான் காரணம். பல வருடமாகப் பழைய படத்தைப் பார்த்துப் பழகிய ரேடியாலஜிஸ்ட்டுகள் இதை வெறுத்தார்கள், அதில் நியாயமும் இருந்தது. முழு மாதிரி அடிப்படை முறையில் படம் நன்றாக இருந்தாலும் ஒரு ஸ்கேனுக்குப் பத்து இருபது நிமிடம் என்று காத்திருக்க வேண்டியிருந்தது, அவசர நோயாளி வந்தால் நடக்காத காரியம். இரைச்சலைக் குறைத்து, அதன் பொடித்தன்மையையும் பெருமளவு காப்பாற்றி, சீக்கிரமே படத்தைக் கொடுக்கிறது என்பதுதான் ஆழ்கற்றல் ரீகனின் உண்மையான லாபம்.

டோஸ் எவ்வளவு குறையும்? எக்ஸ்ரே அளவுக்கு வந்துடுமா?

சாதாரண மார்பு சிடி சுமார் 5 முதல் 7 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சு டோஸின் அலகு). பரிசோதனை முகாம்களில் எடுக்கும் குறைந்த டோஸ் சிடி சுமார் 1 முதல் 1.5. மிகக் குறைந்த டோஸ் என்று சொல்பவை 0.5-க்கும் கீழே, சில ஆய்வுகளில் இரண்டு கோண மார்பு எக்ஸ்ரேயின் அளவான 0.1 வரைக்கும் இறங்கியிருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, இயற்கையாகவே ஒரு மனிதருக்கு வருடத்துக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வந்து சேர்கிறது.

ரீகன் தானாக டோஸைக் குறைக்காது. குழாயின் மின்னோட்டத்தைக் குறைத்து ஸ்கேன் எடுக்க வேண்டியவர்கள் நாங்கள்தான், அப்படி எடுத்த படத்தைப் பார்க்கும்படி ஆக்குவதுதான் ரீகன். புது இயந்திரம் வாங்கிவிட்டுப் பழைய அமைப்பிலேயே ஸ்கேன் எடுத்தால் அழகான படம் வரும், டோஸ் அப்படியேதான் இருக்கும்.

டோஸைக் குறைச்சா சின்ன முடிச்சு தப்பிப் போயிடாதா?

நல்ல கேள்வி. எந்த முடிச்சு என்பதைப் பொறுத்துதான் பதில் இருக்கிறது. நுரையீரல் பெரும்பாலும் காற்று, சிடி அளவில் மைனஸ் 850 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுக்கு (அடர்த்தியைக் காட்டும் எண்; தண்ணீர் பூஜ்யம்) அக்கம்பக்கம். திட முடிச்சு தசை மாதிரி, பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே. இந்த இடைவெளி மிகப் பெரியது, கரும்பலகையில் சாக்பீஸ் வைத்த மாதிரி. இரைச்சல் கொஞ்சம் கூடினாலும் திட முடிச்சு தனியாகத் தெரியும். டோஸைத் தாராளமாகக் குறைக்க மார்பு சிடி இடம் கொடுப்பதும், கல்லீரல் சிடி அந்த அளவுக்கு இடம் கொடுக்காததும் இதனால்தான். கல்லீரலில் இருக்கும் சின்னப் புற்றுக்கும் சுற்றியுள்ள திசுவுக்கும் வித்தியாசம் மிகக் கொஞ்சம், அங்கே டோஸை ரொம்பக் குறைத்தால் எந்த ரீகன் வந்தாலும் மிகச் சிறியவை நழுவும்.

இப்போது மங்கல் முடிச்சுக்கு வருவோம், ரிப்போர்ட்டில் 'கிரவுண்ட் கிளாஸ்' என்று இருக்கும். பனி படிந்த கண்ணாடி போல லேசான வெண்மை, அதன் வழியாகப் பின்னால் இருக்கும் ரத்தக் குழாயும் தெரியும். இதன் அளவு மைனஸ் 700, மைனஸ் 600 என்று இருக்கும், சுற்றியுள்ள நுரையீரலோடு ஒட்டிக் கிடக்கும். டோஸ் இறங்கும்போது முதலில் தொலைவது இதுதான். நெஞ்சு வடிவப் பாண்டம் என்ற செயற்கை உடல் மாதிரிக்குள் செயற்கை முடிச்சுகளை வைத்துச் சோதிப்பார்கள். பரவலாகப் பயன்படும் ஒரு பாண்டத்தில் முடிச்சுகள் பிளஸ் 100, மைனஸ் 630, மைனஸ் 800 என்று மூன்று அடர்த்தியில், 3 மி.மீ. முதல் 12 மி.மீ. வரை இருக்கும். பிளஸ் 100 முடிச்சு மிகக் குறைந்த டோஸிலும் பளிச்சென்று நிற்கும், மைனஸ் 800-ல் உள்ள சின்னது இரைச்சலோடு கலந்து காணாமல் போகும். ஆழ்கற்றல் ரீகன் அந்த எல்லையைக் கொஞ்சம் கீழே தள்ளுகிறது, எல்லையை அழிப்பதில்லை. டிடெக்டருக்கு வந்து சேராத தகவலை எந்தக் கணக்காலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

படம் இவ்வளவு வழவழன்னு சுத்தமா இருக்கே, அப்புறம் ஏன் ரேடியாலஜிஸ்ட் திருப்பி அனுப்புறார்?

வழவழப்பாக இருப்பதால்தான். இந்த ரீகன்களில் வலிமை அளவு உண்டு. ஒரு நிறுவனத்தில் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று நிலை, மற்றவற்றிலும் இதுபோலத்தான். அதிகத்தில் வைத்தால் இரைச்சல் நன்றாக இறங்கும், ஆனால் மிகக் குறைந்த டோஸ் தரவில் அதைப் போட்டால் மெல்லிய குழாய்களின் ஓரம், நுண்ணிய இழைகள், மங்கல் முடிச்சின் விளிம்பு ஆகியவையும் சேர்ந்து மழுங்கலாம். முடிச்சின் விளிம்பு முள்முள்ளாக இருக்கிறதா, வழுவழுப்பாக இருக்கிறதா என்பது புற்றுநோயைச் சந்தேகிக்க ஒரு முக்கியத் தடயம். அந்தத் தடயத்தையே மழுக்கிவிட்டுப் படம் அழகாக இருக்கிறது என்று சொல்லி என்ன பயன்?

இரைச்சல் எண்ணை மட்டும் பார்த்து 'இந்தப் படம் 60 சதவீதம் சிறந்தது' என்று பேசும் விளம்பரங்களை நான் நம்புவதில்லை. பழைய முறையில் இரைச்சல் குறைந்தால் படம் மேம்பட்டது என்று அர்த்தம். இங்கே அந்தத் தொடர்பு அறுந்துவிட்டது, ஏனென்றால் கூர்மை என்பது டோஸையும் அந்தப் பொருளின் அடர்த்தி வித்தியாசத்தையும் பொறுத்து இடத்துக்கு இடம் மாறுகிறது. முடிச்சு கண்ணில் படுகிறதா, அளவு சரியாக வருகிறதா என்றுதான் சோதிக்க வேண்டும்.

இல்லாத முடிச்சை அதுவே வரைஞ்சிடுமா?

இந்தப் பயத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்தையும் ஓவியத்தையும் புதிதாக உருவாக்கும் ஏஐ வேறு, இது வேறு. இது அளந்த தரவோடு கட்டுண்டது. புதிதாக ஒரு 8 மி.மீ. முடிச்சை வெறுமையிலிருந்து படைப்பது இதன் இயல்பு இல்லை. ஆனால் இரைச்சல் மிக அதிகமான இடத்தில், உதாரணமாகத் தோள்பட்டை எலும்புகள் கதிரை விழுங்கிவிடும் நுரையீரல் உச்சியில், தற்செயலான ஒரு புள்ளிக் கூட்டத்தை அமைப்பு என்று எடுத்துக்கொள்ளவும் கூடும், உண்மையான சின்னப் புள்ளியை இரைச்சல் என்று துடைக்கவும் கூடும். இரண்டாவதைத்தான் நான் அதிகம் கவனிப்பேன்.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது, ஏனோ பலரும் செய்வதில்லை. சந்தேகம் வந்தால் அதே மூலத் தரவை எஃப்பிபியிலோ பழைய ரீகனிலோ இன்னொரு முறை போட்டுப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோயாளியை மறுபடி படுக்க வைக்க வேண்டாம், கூடுதல் கதிர்வீச்சு துளியும் இல்லை. இரண்டிலும் அதே இடத்தில், பக்கத்துப் பக்கத்து ஸ்லைஸ்களிலும் தொடர்ந்து தெரிந்தால் நம்பலாம்.

போன வருஷம் 5 மி.மீ., இப்போ 6 மி.மீ. வளர்ந்துடுச்சுதானே?

பதறாதீர்கள். 1 மி.மீ. வித்தியாசம் அளப்பதிலேயே வந்துவிடும். யார் அளந்தார், எந்த ஸ்லைஸில், எவ்வளவு ஆழமாக மூச்சு இழுத்திருந்தீர்கள் என்பதெல்லாம் அதைப் பாதிக்கும். ஃபிளைஷ்னர் 2 மி.மீ. கூடினால்தான் வளர்ச்சி என்று எடுத்துக்கொள்கிறது. பரிசோதனை சிடிகளைத் தரம் பிரிக்கும் லங்-ராட்ஸ் முறையில் 12 மாதத்துக்குள் 1.5 மி.மீ.க்கு மேல். கன அளவில் பார்த்தால் விஷயம் இன்னும் நுட்பம்: விட்டம் 26 சதவீதம் கூடினாலே கன அளவு இரட்டிப்பாகிவிடும். ஒரு 6 மி.மீ. முடிச்சு 7.5 ஆவது கண்ணுக்குச் சின்ன மாற்றம், கணக்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் நெதர்லாந்து, பெல்ஜியத்தில் நடந்த நெல்சன் ஆய்வு விட்டத்தை விட்டுவிட்டுக் கன அளவையே வைத்துக்கொண்டது: 50 கன மி.மீ.க்குக் கீழே கவலையில்லை, 500-க்கு மேலே உடனடிக் கவனம், நடுவில் இருந்தால் மறுபடி ஸ்கேன் எடுத்து எவ்வளவு வேகமாக இரட்டிக்கிறது என்று பார்ப்பது.

இதில் ரீகன் எங்கே வருகிறது? போன வருடம் கூர்மையான கர்னலில் (படத்தின் கூர்மையைத் தீர்மானிக்கும் ரீகன் வடிகட்டி) பழைய முறை, இந்த வருடம் ஆழ்கற்றல் அதிக வலிமை என்றால், முடிச்சின் விளிம்பை மென்பொருள் வேறு இடத்தில் பிடிக்கும். திட முடிச்சில் இந்த வித்தியாசம் பொதுவாகச் சின்னது, மங்கல் முடிச்சில் பெரிதாகலாம். எனவே தொடர் ஸ்கேனை முடிந்தவரை அதே இயந்திரம், அதே ஸ்லைஸ் தடிமன், அதே ரீகனில் எடுப்பது நல்லது. மாற்ற வேண்டி வந்தால் பழைய ரீகனிலும் ஒரு தொகுப்புப் போட்டுக் கொடுங்கள், முந்தைய பதிலில் சொன்ன அதே வழிதான்.

பழைய ஸ்கேன் சிடி தட்டுல இருக்கு. அதைப் புது முறையில போட்டுத் தெளிவாக்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. உங்களிடம் இருக்கும் தட்டில் முடிந்துபோன படங்கள்தான் இருக்கும். ரீகனுக்கு வேண்டியது மூலத் தரவு, அது இடத்தை அடைத்துக்கொள்வதால் இயந்திரத்தில் சில நாட்கள், மிஞ்சினால் சில வாரங்கள் இருந்துவிட்டு அழிந்துவிடும். முடிந்த படத்தின் மேலேயே இரைச்சலைக் குறைக்கும் ஆழ்கற்றல் மென்பொருட்கள் தனியாக உண்டு, ஆனால் 5 மி.மீ. தடிமனில் சேமித்த பழைய ஸ்லைஸை அவற்றால் 1 மி.மீ. ஆக்க முடியாது. இருந்தாலும் அந்தத் தட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன்பும் அதே இடத்தில் அதே அளவில் முடிச்சு இருந்தது என்று தெரிந்தால், எந்தப் புது ரீகனும் தர முடியாத நிம்மதியை அது தரும்.

முடிச்சு தேடும் மென்பொருளுக்கு எந்தப் படத்தைக் கொடுக்கணும்?

அந்த மென்பொருள் எந்த வகைப் படத்தில் பழகியதோ, அதையே. கூர்மையான கர்னல் படங்களில் பயிற்சி பெற்ற ஒன்றுக்கு வழவழப்பான படத்தைக் கொடுத்தால் சிலதை விடலாம். இரைச்சல் மிகுந்த படத்தைக் கொடுத்தாலோ குழாயின் குறுக்குவெட்டை எல்லாம் முடிச்சு என்று வட்டம் போடும். தயாரிப்பாளர் எந்த ரீகனில் சோதித்தார் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரீகனை மாற்றிய அன்றே, ஏற்கனவே முடிச்சு இருப்பது தெரிந்த சில பழைய கேஸ்களை வைத்து மறுபடி சோதித்துவிடுங்கள்.

மூச்சு ஆடிட்டா இது சரி பண்ணிடுமா?

பண்ணாது. அசைவு வேறு, இரைச்சல் வேறு. மூச்சைப் பிடிக்கச் சொல்லும்போது பிடித்துக்கொள்ளுங்கள், சில நொடிகள்தான்.

அப்போ டோஸ் குறைஞ்சுட்டதால எல்லாரும் வருஷா வருஷம் எடுத்துக்கலாமா?

வேண்டாம். என்எல்எஸ்டி ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் இறப்பு 20 சதவீதம் குறைந்தது, 2020-ல் வெளியான நெல்சன் ஆய்வில் ஆண்களிடம் 10 வருடத்தில் 24 சதவீதம் குறைந்தது. இரண்டிலும் சேர்க்கப்பட்டவர்கள் நீண்ட காலம் அதிகமாகப் புகைத்தவர்கள். அந்தப் பலனை அப்படியே எடுத்து 30 வயதில் புகைக்காத ஒருவருக்குச் சொல்ல முடியாது. அவருக்குக் கதிர்வீச்சை விடப் பெரிய தொல்லை, முதல் கேள்வியில் சொன்ன அந்த 96.4 சதவீதம்தான்: ஒன்றுமில்லாத புள்ளிக்காக மாதக் கணக்கில் கவலை, தேவையில்லாத ஊசிப் பரிசோதனை. அதிகம் புகைத்தவர் என்றால் தயங்காமல் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

போட்டான் கவுண்டிங் சிடி வந்தாச்சே, இனிமே இதெல்லாம் தேவையா?

2021-ல் அமெரிக்காவில் முதல் அனுமதி பெற்ற அந்த வகை இயந்திரம் டிடெக்டரிலேயே மாற்றம் செய்கிறது. எக்ஸ்ரேயின் துகளான ஒவ்வொரு போட்டானையும் தனித்தனியாக எண்ணுவதால் மின்னணு இரைச்சல் படத்தில் ஏறுவதில்லை, கூர்மையும் கூடுகிறது. ஆனால் வரும் போட்டான்களே குறைவு என்றால் அதனால் வரும் இரைச்சல் அங்கேயும் உண்டு, அதைக் குறைக்க அங்கேயும் ரீகன் வேண்டும்.

எங்க இடத்துல இது புதுசா வந்திருக்கு. நுரையீரலுக்கு எப்படி செட் பண்ணலாம்?

என் பழக்கத்தைச் சொல்கிறேன். ஸ்லைஸ் 1 மி.மீ. அல்லது 1.25 மி.மீ.; 5 மி.மீ.யில் 4 மி.மீ. முடிச்சு பக்கத்துக் காற்றோடு கலந்து மங்கிவிடும். வலிமையை நடுத்தரத்தில் ஆரம்பிப்பேன், அதிகத்துக்கு அவசரப்பட்டுப் போக மாட்டேன். நுரையீரலுக்கென்று தனி ரீகன் அமைப்பு இருந்தால் அதை எடுப்பேன், இல்லாவிட்டால் கூர்மையான கர்னலில் ஒரு தொகுப்பும் கூடவே அனுப்புவேன். 8 அல்லது 10 மி.மீ. தடிமனில் எம்ஐபி (பல ஸ்லைஸ்களில் உள்ள மிகப் பிரகாசமான புள்ளிகளை ஒரே படமாகச் சேர்ப்பது) போட்டுக் கொடுத்தால் நீளமாக ஓடும் குழாயிலிருந்து முடிச்சு பிரிந்து நிற்கும், தேடுகிறவருக்குப் பெரிய உதவி.

டோஸை ஒரே நாளில் பாதியாக வெட்ட வேண்டாம். முதல் சில வாரம் வழக்கமான டோஸிலேயே எடுத்து, பழைய ரீகன், புது ரீகன் இரண்டையும் ரேடியாலஜிஸ்ட்டுக்கு அனுப்புங்கள், அவர் கண் பழகட்டும். அப்புறம் படிப்படியாக இறக்குங்கள், ஒவ்வொரு படியிலும் பாண்டத்தில் அந்த மங்கல் முடிச்சு இன்னும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் ஒரு படி மேலே வந்து நின்றுவிடுங்கள். மங்கல் முடிச்சு ஏற்கனவே இருப்பவர் தொடர் ஸ்கேனுக்கு வந்தால் நான் அவருக்கு மிகக் குறைந்த டோஸ் போடுவதில்லை. 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் உள்ள மங்கல் முடிச்சை 5 வருடம் வரை பார்க்கச் சொல்கிறார்கள், அதற்குள் உள்ளே திடமான பகுதி ஒன்று புதிதாக முளைக்கிறதா என்பதைத்தான் அந்த ஸ்கேன் சொல்ல வேண்டும்.